பொருத்தம் பாரும் மருமவனே, பொடிக்கணக்கு பாக்காதீரும்

சீமையில இருந்து ரெசிஸ்டர் வரவழைச்சிருக்கீராமே மருமவனே? ஒவ்வொண்ணும் 0.1 சதவீதத்துக்கு மேல பிசகாதாமே? உங்க அத்தைதான் சொன்னா. சாமான் விலையை விட அதைக் கொண்டாந்து சேர்த்த கூலி கூடுதலுன்னும் சொன்னா. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நம்ம ஆளுக சும்மா வாய்வார்த்தையாத்தான் சொல்லி வச்சாங்க. நீரு படிச்சவரு, ரசீதோட நிரூபிச்சுட்டீரு.

உம்மைக் குறை சொல்லலவே. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு வால்வு ஆம்ப்ளிபயர் கட்டணும்னு ஆசை வந்ததே பெருசு. மும்பை செம்பூர்ல ஒத்தை பெட்ரூம் வீட்டுல, துணி காயப்போடவே இடம் இல்லாத இடத்துல, முன்னூறு வோல்ட்டைக் கொண்டாந்து குடிவைக்கப் போறீரு. உம்ம தைரியத்தை மெச்சுறேன். உம்ம பொண்டாட்டி பொறுமையை அதைவிட மெச்சுறேன். ஆனா சதவீதத்தைக் கட்டிக்கிட்டு அழுறீரு பாரும், அதைத்தான் பாக்கச் சகிக்கல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுதான் பெரியவங்க சொன்னாங்க. அளந்துட்டு ஆத்துல போடச் சொல்லலையே!

நான் என்னத்தப் படிச்சேன்? சங்கரன்கோயில் பக்கம் கோயில் கொடைக்கு மைக்செட் கட்டினவன். பனைமரத்துல குழாய் ஸ்பீக்கரை ஏத்திக் கட்டிட்டு, ராத்திரி முழுக்க ஆம்ப்ளிபயர் பக்கத்துல காவல் கிடந்தவன். பிறகு தாராவி, அங்கன இருந்து செம்பூரு. ரேடியோ ரிப்பேருலயே வயிறு கழுவியாச்சு. எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைச் சொல்லுறேன், கேட்டுக்கிடும். காசு வேண்டாம். டீ மட்டும் சொல்லும். கட்டிங் வேண்டாம், முழு கிளாஸ்.

முதல்ல அந்தக் கலர் வரி. கடைசி வரி தங்கம்னா 5 சதவீதம். வெள்ளின்னா 10. வரியே இல்லைன்னா 20. பிரவுன்னா 1. தங்க வரி போட்ட 100 கே ரெசிஸ்டர் 95 கே-யா இருந்தாலும் சரி, 105 கே-யா இருந்தாலும் சரி, செஞ்சவன் சொன்ன சொல்லுல தவறல. சரி, கடையில ஏன் 10, 12, 15, 18, 22, 27, 33-ன்னு கோணல்மாணலா விக்கான், நேரா 20, 30-ன்னு வித்தா என்னன்னு என்னைக்காவது யோசிச்சீரா? 10-ஐப் பத்து சதவீதம் ஏத்தினா 11. 12-ஐப் பத்து சதவீதம் இறக்கினா 10.8. ஒருத்தன் வரப்பு முடியுற இடத்துல அடுத்தவன் வரப்பு தொடங்கிடும். செய்யுற இடத்துல எந்த அளவுல வெளிய வந்து விழுந்தாலும் ஏதோ ஒரு பேரைச் சூட்டி வித்துடலாம். சரக்கு துல்லியமா வராதுன்னு தெரிஞ்சவன் போட்ட கணக்குவே அது. வால்வு சர்க்யூட்டு வரைஞ்சவங்களும் அதே உலகத்துலதான் இருந்தாங்க. அவங்க படம் வரையும்போதே, இந்த ரெசிஸ்டர் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்னு தெரிஞ்சுதான் வரைஞ்சாங்க.

ராஜ் கபூர் படத்துப் பாட்டைக் கேட்டுத்தானே உமக்கு இந்தப் பைத்தியமே பிடிச்சது? நம்ம செம்பூர்லதான் 1948-ல அவரோட ஆர்.கே. ஸ்டூடியோ வந்தது. 2017-ல தீப்பிடிச்சது, பிறகு அடுக்குமாடி கட்டுறவன் கைக்குப் போயிட்டுது. அந்தக் காலத்துப் பாட்டைப் பதிவு பண்ணின மிஷினு வால்வு. தியேட்டர்ல போட்டுக் காட்டின மிஷினும் வால்வு. அன்னைக்குச் சாதாரணமாப் புழங்கின ரெசிஸ்டரெல்லாம் 10 சதவீதம், 20 சதவீதம். அந்தப் பாட்டைக் கேட்டு ஊரே அழுதுச்சு. சதவீதம் கூடிப்போச்சேன்னு ஒருத்தனும் அழல.

இப்ப வால்வுக்கு வாரும். 1954-ல பெங்களூர்ல அரசாங்கம் தொடங்கிச்சே பாரத் எலக்ட்ரானிக்ஸ், அவங்க செஞ்ச இசிசி 83, இஎல் 84 எல்லாம் லாமிங்டன் ரோட்டுலயும் சோர் பஜார்லயும் தேடினா இன்னும் கண்ணுல படும். கண்ணாடிக் குப்பிக்குள்ள கேதோடு, கிரிட்டு, பிளேட்டுன்னு நூல் அளவு இடைவெளியில அடுக்கி வச்ச சாமான். புதுசுலயே ஒண்ணுக்கு ஒண்ணு பத்து, இருபது சதவீதம் மாறும். இசிசி 83-ல ஒரே குப்பிக்குள்ள ரெண்டு வால்வு இருக்கே, அந்த ரெண்டுமே ஒண்ணா இருக்காது. பழக்கத்துல தேய்ஞ்சு இன்னும் மாறும். அப்பேர்ப்பட்ட சாமானோட தலையில 0.1 சதவீத ரெசிஸ்டரைக் கொண்டுபோயி மாட்டப் போறீரு!

நம்பலைன்னா கணக்குப் போடும், நீருதான் எஞ்சினீயராச்சே. இசிசி 83-க்குப் புத்தகத்துல போட்டது: பெருக்கம் 100, உள்தடை 62.5 கே. பிளேட்டுல 100 கே மாட்டி, கேதோடுல கண்டன்சரும் போட்டா, கிடைக்கிற பெருக்கம் 61.5. இப்ப அந்த 100 கே-யைக் கழத்திட்டு 105 கே போடும். முழுசா அஞ்சு சதவீதம் தப்பு. பெருக்கம் 62.7 ஆகும். ரெண்டு சதவீதம்கூட ஏறல. டெசிபல்ல சொன்னா 0.16. ஒரு டெசிபல் ஏறணும்னாலே 12 சதவீதம் ஏறணும். அந்த ஒரு டெசிபலையே பாட்டு ஓடுற நேரத்துல கண்டுபிடிக்க மனுஷக் காது திணறும். உம்ம காதுக்கு வெளிய குர்லா லோக்கல் வேற ஓடுது.

கிரிட்டுல இருந்து பூமிக்குப் போற 470 கே இருக்கே, அது 450 ஆனா என்ன, 490 ஆனா என்ன? அதைப் பாத்து வால்வு கண்ணை மூடிக்கிடுமா? ஆம்ப்ளிபயருக்குள்ள முக்காவாசி ரெசிஸ்டர் இந்த ஜாதிதான். அங்கன எல்லாம் அஞ்சு சதவீதமே தாராளம்.

அப்ப பொருத்தமே பாக்க வேண்டாமான்னு கேட்பீரு. பாக்கணும்வே! ஆனா ரெண்டு பேரு சேர்ந்து ஒரு சோலி பாக்குற இடத்துல மட்டும் பாக்கணும். 1947-ல வில்லியம்சன்னு ஒருத்தரு 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில ஒரு ஆம்ப்ளிபயர் போட்டாரு. கேடி 66 வால்வு ரெண்டு. அதைப் பாத்து உலகம் முழுக்கக் கட்டினாங்க. அந்த மனுஷன் எல்லா ரெசிஸ்டரையும் துல்லியமாப் போடுன்னு சொல்லல. பட்டியல்ல சில ஜோடியை மட்டும் காட்டி, இது ரெண்டும் ஒத்திருக்கணும்னு குறிச்சு வச்சாரு. விஷயம் அம்புட்டுத்தான்.

அதுல ஒரு ஜோடி, சிக்னலை ரெண்டாப் பிரிக்கிற இடத்துல இருக்கு. ஒத்தை வால்வு. மேல 22 கே, கீழ 22 கே. ரெண்டுலயும் ஓடுறது ஒரே கரண்டு. மேல இருந்து ஒரு சிக்னல், கீழ இருந்து அதுக்குத் தலைகீழா ஒரு சிக்னல். மேல உள்ளது அஞ்சு சதவீதம் கூடி 23.1 ஆகி, கீழ உள்ளது அஞ்சு சதவீதம் குறைஞ்சு 20.9 ஆச்சுன்னா, ஒரு பக்கம் பத்து சதவீதம் ஓங்கிப்போகும். கடைசியில ரெண்டையும் சேர்க்கையில கழிய வேண்டிய கோளாறு கழியாம மிஞ்சும். சரி, ரெண்டுமே 23.1 ஆ இருந்தா? ஒரு குத்தமும் இல்லை! கூட இருக்கிறவனோட ஒத்துப்போனாப் போதும், புத்தகத்தோட ஒத்துப்போக வேண்டாம்.

இதுக்குச் சீமைக்கு ஏன் போவானேன்? குர்லாவுல மாறி, தாதர்ல மாறி, கிராண்ட் ரோடுல இறங்கி, லாமிங்டன் ரோட்டுக்கு நடம். ஒரு சதவீத மெட்டல் பிலிம் ரெசிஸ்டர் நூறு எண்ணம் ஒரு கட்டா வாங்கும். வீட்டுல உக்காந்து மல்டிமீட்டரால ஒவ்வொண்ணா அளந்து, ஒத்ததை ஒத்ததோட சேத்து டேப்பு ஒட்டி வையும். அளக்கையில ரெண்டு முனையையும் விரலால சேத்துப் பிடிக்காதீரும். உம்ம உடம்பும் ஒரு ரெசிஸ்டர்தான். பெரிய மதிப்பை அளக்கும்போது உம்மையும் சேத்தே காட்டும். மீட்டரு ஒரு சதவீதம் பொய் சொல்லுமேன்னு பயந்துக்கிடாதீரும். சொல்லட்டும், ரெண்டுக்கும் ஒரே பொய்யைத்தான் சொல்லும். அந்தச் சீமைச் சரக்கை என்ன செய்யன்னா, ஒண்ணு எனக்குத் தாரும். என் மீட்டரு நிஜம் பேசுதான்னு அதை வச்சுத்தான் பாக்கணும். அந்த வேலைக்கு அதை விட நல்ல சாமான் கிடையாது.

இன்னொரு வகை உண்டு, அதுலதான் உம்மைப்போல உள்ளவங்க வசமா மாட்டுவாங்க. இசிசி 83-ஓட ரெண்டு பாதியையும் கேதோடுல சேத்துக் கட்டிச் சிக்னலைப் பிரிக்கிற வகை. 1950கள்ல மல்லார்டு கம்பெனி '5-10'-ன்னு ஒரு படம் போட்டாங்களே, அஞ்சு வால்வுல பத்து வாட்டு, அதுலயும் இந்த வகைதான். இதுல சிக்னலை நேரா வாங்குற பாதி கொஞ்சம் ஓங்கி நிக்கும், அடுத்த பாதி கொஞ்சம் தாழ்ந்து நிக்கும். அது அந்த வகையோட பிறவிக்குணம். அதனால கிதார் ஆம்ப்ளிபயருக நிறையதுல ஓங்கின பக்கம் 82 கே, தாழ்ந்த பக்கம் 100 கே-ன்னு வேணும்னே ஏறுமாறா வச்சிருப்பாங்க. நீரு அதைத் திறந்து பாத்துட்டு, அடடா, எவனோ விவரம் கெட்டவன்னு 82-ஐக் கழத்திட்டு அசல் 0.1 சதவீத 100 கே போட்டீருன்னு வையும். சரியா இருந்ததை ரொம்பத் துல்லியமாக் கெடுத்தவர்ங்கிற பேரு உமக்குத்தான்.

அடுத்தது கடைசிக் கட்டம். ரெண்டு இஎல் 84. இதுக்கு மட்டும் கல்யாணத்துக்குப் பாக்கிற மாதிரி பொருத்தம் பாக்கத்தான் செய்யணும். ரெண்டும் ஒரே டிரான்ஸ்பார்மரை ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கப் போகுது. ஒருத்தன் கரண்டு கூட இழுத்தா, டிரான்ஸ்பார்மர் இரும்பு ஒரு பக்கமாக் காந்தம் ஏறிக் கிடக்கும். தவில்காரர் தொப்பியில ஓங்கி அடிக்கிற இடத்துல சத்தம் பொதபொதன்னு போயிடும். கடைக்காரன் மேட்ச்டு பேர்னு சீட்டு ஒட்டித் தருவான். கல்யாணத் தரகன் சொல்லும்போதும் பத்துப் பொருத்தமும் இருக்கத்தான் செஞ்சது! ஏதோ ஒரு வோல்ட்டுல ஒரு நிமிஷம் வச்சு அளந்ததை வச்சு, ஆயிரம் மணி நேரம் சேர்ந்து ஓடும்னு எவன் ஜாமீன் கொடுப்பான்? நீரே அளந்து பாரும்.

அளக்கிறது லேசு. ஒவ்வொரு வால்வுக்கும் கேதோடுல தனித்தனியா 270 ஓம் போடும். அது மேல வோல்ட் எவ்வளவுன்னு பாரும். 10.8 வந்தா 40 மில்லி ஆம்பியர் ஓடுது. அடுத்ததுல 9.7 வந்தா 36 மில்லி. ரெண்டு மூணு மில்லிக்குள்ள நின்னா நிம்மதியாத் தூங்கும். இந்த 270 ரெண்டும் ஒத்திருக்கணும். இல்லைன்னா நீரு அளக்கிறது வால்வையா ரெசிஸ்டரையான்னு உமக்கே தெரியாது. வித்தியாசம் கூடுதலா இருந்தா, கரண்டை நிறுத்தி, சூடு ஆறவிட்டு, வால்வு ரெண்டையும் இடம் மாத்திச் சொருகும். கோளாறு வால்வோடவே கூடப் போச்சுன்னா வால்வு சரியில்லை. அதே சாக்கெட்டுலயே நின்னுச்சுன்னா வால்வைத் திட்டாதீரும். ரெசிஸ்டரைப் பாரும், முந்தின கட்டத்துல இருந்து வர்ற கப்ளிங் கண்டன்சர் ஒழுகுதான்னு பாரும். பத்துல பாதிக் கேசு அந்தக் கண்டன்சர்தான். பழி மட்டும் வால்வுக்கு.

சதவீதம் பாத்தீரே, வாட்டு பாத்தீரா? 270 ஓம்ல 40 மில்லி ஓடினா 0.43 வாட்டு சூடு. நீரு வாங்கியிருக்கிறது கால் வாட்டு. முதல் பாட்டு முடியுறதுக்குள்ள 0.1 சதவீதம் துல்லியமாக் கருகிடும். அங்கன ரெண்டு மூணு வாட்டு ஒயர்வுண்டு போடும். வோல்ட்டும் பாரும். கால் வாட்டு மெட்டல் பிலிம் நிறையதுக்கு 250 வோல்ட்டுதான் எல்லை. உம்ம லைன்ல ஓடப்போறது 300. அதுக்காகப் பழைய கார்பன் கட்டை ரெசிஸ்டருக்குத்தான் இனிமை உண்டுன்னு எவனாவது சொன்னா அதையும் வாங்கி வந்துராதீரும். நம்ம ஊரு ஜூலை மழைக்கு அது ஈரம் குடிச்சு மதிப்பு ஏறிக்கிட்டே போகும். பழைய ரேடியோவைத் திறந்து அளந்தா, 220 கே-ன்னு எழுதின கட்டை 300-ஐத் தாண்டி நிக்கிறதைப் பாத்திருக்கேன்.

இம்புட்டும் சரி, வால்யூம் குமிழு எங்க வாங்கினீரு? சொல்ல மாட்டீரே! ஸ்டீரியோவுக்கு ஒரே தண்டுல ரெண்டு சேனலையும் ஓட்டுற அந்த மலிவுக் குமிழு, சத்தத்தைக் குறைச்சு வைக்கையில இடதுக்கும் வலதுக்கும் ரெண்டு மூணு டெசிபல் வித்தியாசம் காட்டும். ராத்திரி அக்கம்பக்கத்துக்குப் பயந்து மெதுவா வச்சுக் கேட்பீரே, அப்ப லதா மங்கேஷ்கர் நடுவுல நிக்காம ஜன்னல் ஓரம் போயி நிப்பாங்க. 0.1 சதவீதம்ங்கிறது ஒரு டெசிபல்ல நூத்துல ஒரு பங்குகூட இல்லை. அதுக்கு ஆயிரக்கணக்குல கொடுத்துட்டு, மூணு டெசிபலைச் சும்மா வாங்கிட்டு வந்திருக்கீரு. நாலஞ்சு குமிழு வாங்கி, திருப்பித் திருப்பி அளந்து, ரெண்டு பக்கமும் சேர்ந்து ஏறுறதை மாட்டும். ரெக்கார்டு பிளேயர் வைக்கப் போறீருன்னா, ஆர்ஐஏஏ கட்டத்துல 3180, 318, 75 மைக்ரோ செகண்டுன்னு மூணு கணக்கு உண்டு. அங்கன ஒரு சதவீதத்துக்கு மரியாதை கொடும், ரெண்டு சேனலும் ஒத்திருக்கட்டும். ஆனா கண்டன்சரையும் அளக்கணும். பத்து சதவீதக் கண்டன்சரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ரெசிஸ்டர் மட்டும் உத்தமனா இருந்து என்ன புண்ணியம்?

கடைசியா பீட்பேக்கு. 1927 ஆகஸ்டுல ஹரால்டு பிளாக்னு ஒரு அமெரிக்காக்காரரு, வேலைக்குப் போற படகுல உக்காந்திருக்கையில, கையில இருந்த நியூயார்க் டைம்ஸ் பேப்பர்லயே இதை எழுதினாரு. வெளிய வர்ற சத்தத்துல கொஞ்சத்தைத் திருப்பி உள்ள தலைகீழா விட்டா, வால்வு என்ன கூத்தடிச்சாலும் பெருக்கம் அடங்கி நிக்கும். 1937-லதான் பேட்டன்ட் கைக்கு வந்தது. அவரு நம்ம செம்பூர் லோக்கல்ல காலையில எட்டரைக்கு ஏறியிருந்தா பேப்பரை விரிச்சிருக்கவே முடியாது. உலகத்துக்குப் பீட்பேக்கே கிடைச்சிருக்காது. அதுல ஆம்ப்ளிபயரோட பெருக்கத்தைத் தீர்மானிக்கிறது ரெண்டே ரெசிஸ்டர். ரெண்டு சேனலுக்குமா நாலு. அந்த நாலையும் பாத்துப் பொறுக்கிப் போடும். வால்வு பண்ணுற அக்கிரமத்தை அதுக பாத்துக்கிடும்.

உள்ள கைவைக்கையில ஒரு கையை நிக்கர் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிடும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கண்டன்சர்ல முன்னூறு வோல்ட் உக்காந்திருக்கும். ரெசிஸ்டர் வச்சு அதை இறக்கிட்டு, மீட்டரால பாத்துட்டுத் தொடும். இதுல மட்டும் நான் கேலி பேச மாட்டேன்.

கட்டி முடிச்ச பிறகு ஒரு பரீட்சை வையும். ஒரு சேனல்ல உம்ம சீமை ரெசிஸ்டர், ஒரு சேனல்ல நான் சொன்ன லாமிங்டன் ரோடு சரக்கு. ரெண்டுலயும் சத்தம் ஒரே அளவுன்னு மீட்டர் வச்சுச் சமமாக்கிடும். பாட்டும் ஒண்ணு, ஸ்பீக்கரும் ஒண்ணு. உம்ம பொண்டாட்டி உமக்குத் தெரியாம வயரை மாத்தி மாத்திப் போடட்டும், நீரு கண்ணை மூடிக்கிட்டு எது எதுன்னு சொல்லணும். பத்து தடவைக்கு ஒம்போது தடவை சரியாச் சொல்லிட்டீருன்னா என் மீசையை எடுத்துடுறேன். எனக்கு மீசை கிடையாதுங்கிறது வேற விஷயம். சொல்லலைன்னா ஆளுக்கு ஒரு நெய் ரோஸ்ட் வாங்கித் தாரும். உங்க அத்தைக்கும் சேத்து.